கொட்டகைப் பெண்

"பொண்ணு நாலு வருசமா கொட்டகையிலதாங்க இருக்கு."

ரெங்கசாமி பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தக் கூடத்தில் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளையின் தகப்பனார், ரயில்வே குமாஸ்தா தம்புசாமி கிராணி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ரெங்கசாமி கேரி தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து படகும் ரயிலும் ஏறி, மனைவி இராஜம்மாவோடு சம்பந்தம் பேசி முடிக்க வந்திருக்கிறார். மகள் சீதாலெட்சுமிக்கு இருபத்திரண்டு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. தைப்பூசத்தில் பத்துமலையில் அவளைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று நின்றவன் இந்த வீட்டுப் பாலன். இதுவும் போய்விட்டால்?

"அங்க எத்தனை பேரு வருவாங்க?" கிராணி மெதுவாகக் கேட்டார்.

"நாப்பது, அம்பது இருக்குமுங்க. யாரு அழுதாலும் ஒரு பாட்டுல சிரிக்க வச்சிடும். போன மாசம் துரையே வந்து பார்த்து மெச்சிட்டுப் போனாரு."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று பாவம், அவருக்குத் தெரியவில்லை.

கிராணி எழுந்தேவிட்டார். "மன்னிச்சுக்குங்க. நாங்க மானமா பொழைக்கிறவங்க. கொட்டகையில ஆடிப்பாடுற பொண்ணு எங்களுக்கு வேணாம்."

"ஆடுறதா? பால்மரம் வெட்டப் போறவங்க புள்ளைங்களப் பார்த்துக்குதுங்க, ஐயா. ஆயாக் கொட்டகை."

கிராணி மறுபடி உட்கார்ந்தார். பிறகு கிராணி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். டவுன்காரனுக்குக் கொட்டகை என்றால் நாடகக் கொட்டகைதான், தோட்டத்துப் பேச்சு தெரியாமல் நல்ல இடத்தை விடப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி பவுனம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். ஆவணியில் நாள் பார்க்கலாம் என்றார்கள். ரெங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பவுனம்மாள் இராஜம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மொகத்தப் பார்த்தாலே குடும்பப் பொம்பளன்னு தெரியுதே, சம்பந்தி. அந்த நாடகக் கொட்டகைக்காரிங்கள எல்லாம் வீட்டு வாசப்படி ஏத்த முடியுமா?"

இராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெங்கசாமி மனைவியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் கல்யாணம் முடிந்துவிடும். மகளை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்னால் வைத்த வெற்றிலைத் தட்டை அவர் எடுக்கவில்லை.

"ஏத்தியாச்சேம்மா," என்றார். "இவ ஆறு வருசம் கிள்ளான் நாடகக் கொட்டகையில பாடினவ."