சீட்டியடிக்கும் இசைத்தட்டு

மே 14, செவ்வாய். இன்று ஒரு பிழை செய்தேன். சுரங்கத் தொழிலாளருக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு கிராமபோன் வந்த உற்சாகத்தில், இசைத்தட்டை முழுக்கக் கேட்டுப் பார்க்காமல் காலையில் சுரங்க வாசலில் பாடவிட்டேன். இசைத்தட்டில் பாட்டின் நடுவே ஒருவன் சீட்டியடித்தான். சுரங்கத்தருகே சீட்டியடித்தால் மலைச்சாமிக்கு ஆகாது, கூரை இடியும் என்பார்கள். இறங்கவிருந்த எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"பெட்டிய இன்னைக்கே திருப்பி ரயிலேத்து!" என்று மேஸ்திரி ஒனிசுகா கத்தினார்.

கரி சுமக்கும் தொமே அக்கா கூடையை இறக்கினாள். "சீட்டியடிக்கிறவன் எந்த ஊரு, தம்பி?"

"டோக்கியோன்னு நினைக்கிறேன். உறுதியாத் தெரியல, அக்கா."

"அப்ப அவன் வீட்டுக் கூரைதான் விழும். நமக்கென்ன? சாயங்காலம் மேல வந்ததும் போடு, நானும் சேர்ந்து அடிக்கிறேன்."

மேஸ்திரியே சிரித்துவிட்டார். வரிசை நகர்ந்தது.

நாளை: காலையில் சீட்டி வருமுன் ஊசியைத் தூக்க வேண்டும். மாலையில் அங்கிருந்து தொடங்க வேண்டும்.