ஒரே டேக்

"ஓகே சார்! இதுக்கு மேல தொடவே வேணாம்."

ஹெட்போனில் இசையமைப்பாளரின் குரலைக் கேட்டதும் கிட்டார்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே டேக். ஒன்றே ஒன்று.

இதே எட்டு வரி மெட்டை நேற்று இதே அறையில் அவருடைய மச்சினன் பதினேழு டேக் வாசித்திருக்கிறான். ஒன்றுகூடத் தேறவில்லையாம். அவன் சாதாரண ஆளா? எந்தப் படத்துக்குப் பெடல் ஸ்டீல் கிட்டார் வேண்டுமென்றாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகும். குடும்பத்தில் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போனால் போதும், "உங்க மச்சினர் வாசிச்சதைக் கேட்டேன், அடடா!" என்று இவரிடமே வந்து உருகுவார்கள். இவரும் பல்லைக் காட்டி ஆமாம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுவார். பாவம், அவள் செய்த குற்றம் அவனுக்கு அக்காவாகப் பிறந்தது.

இத்தனைக்கும் மச்சினனுக்கு முன்பே இந்தக் கிட்டாரைத் தொட்டவர் இவர்.

படத்துக்கு வாசிக்க யாரும் கூப்பிட்டு ஆறு வருடமாகிறது. இப்போது ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் சாயங்காலங்களில் வாசிக்கிறார். அறைச் சாவிக்கு வருகிறவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நமக்கு நிஜமாகவே வாசிக்க வருமா, வராதா என்ற கேள்வி கொஞ்ச நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. காலையில் வந்து, மேசை போல நாலு காலில் நிற்கிற கிட்டாரைப் பூட்டி, பத்துக் கம்பிகளுக்கும் சுருதி சேர்க்கக் கையை வைத்தார். இசையமைப்பாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"வேணாம் சார், அப்படியே விடுங்க. அந்த இயல்பு போயிடும்."

தாளம் பிசகாமலிருக்க ஹெட்போனில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் ஓடவிடுவார்கள். அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். வழக்கம்போல் காட்சியைத் திரையில் ஓட்டிக் காட்டவுமில்லை. மனசில் பட்டதை வாசியுங்கள் என்றார். பரவாயில்லை, லேட்டானாலும் இந்தச் சினிமாக்காரர்களுக்குப் புத்தி வந்ததே என்று கிட்டார்காரர் நினைத்துக்கொண்டார்.

அவருக்கென்று ஒரு பாணி உண்டு. கம்பிகளின் மேல் இழுக்கும் இரும்புக் கட்டையை ஒவ்வொரு சுரத்திலும் நன்றாக நடுங்கவிடுவார். பெடலைக் கொஞ்சம் தாமதித்து மிதிப்பார். சுரம் ஏங்கி ஏங்கி, போகவேண்டிய இடத்துக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேரும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் உருக்கம்.

உருக்கிவிட்டு, வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒரே டேக்குல ஓகே! உன் தம்பிக்குப் பதினேழு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், அவன் மெட்டு சரியில்லன்னு சொல்லியிருப்பான் பாரு."

"நிஜமாவாங்க? இருங்க, இப்பவே எல்லாருக்கும் சொல்றேன்." ஆறு வருடமாக அவளும் கூடச் சேர்ந்து பட்டிருக்கிறாள்.

தன் வாசிப்பைத் தானே ஒருமுறை கேட்கிற ஆசையில், கன்ட்ரோல் ரூம் கதவைத் தள்ளினார்.

திரையில் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெடல் ஸ்டீல் கிட்டார் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வாசிக்கத் தொடங்குகிறான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறார். கதாநாயகி காதைப் பொத்திக்கொள்கிறாள். படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறது.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது இவருடைய உருக்கம்.

சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். தெரியாத மாதிரி வாசிக்கிறது ரொம்பக் கஷ்டம். உங்க மச்சினரும் பதினேழு தடவை முயற்சி பண்ணாரு. எவ்வளவு கெடுத்தாலும் நல்லாவே வந்து தொலைச்சுது. கடைசியில அவருதான் உங்களைக் கூப்பிடச் சொன்னாரு."

கிட்டார்காரருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்நேரம் வீட்டில் அவள் பத்துப் பேருக்காவது போன் போட்டிருப்பாள்.

இசையமைப்பாளர் இன்ஜினியரை முறைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "சேஃப்டிக்கு... இன்னொரு டேக் எடுத்துக்கலாமா சார்?"

"எடுக்கலாம்" என்றார் கிட்டார்காரர்.

உள்ளே போய்ப் பத்துக் கம்பிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார். யாரும் தடுக்கவில்லை. டிக் டிக்கை ஓடவிடச் சொன்னார். ஓடவிட்டார்கள். காட்டுகிறேன், மச்சினனுக்கும் காட்டுகிறேன், அந்த நாய்க்கும் காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

கட்டையை நடுங்கவிடாமல் பிடித்தார். பெடலை அந்தந்த நொடியில் மிதித்தார். உயிரைக் கொடுத்து வாசித்தார். இத்தனை வருடத்தில் இப்படி வாசித்ததே இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. கடைசிச் சுரத்தில் கண் நிறைந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தார்.

ஹெட்போனில் இசையமைப்பாளரின் குரல் வந்தது.

"முதல் டேக்கைத் தூக்கிப் போட்டுடறோம் சார். அந்த சீனுக்கு இதுதான் இன்னும் கச்சிதம்."