கார் மூக்கில் நடராஜர்

நடராஜரைக் கொண்டுபோய்க் கார் மூக்கில் நிறுத்தியவனைச் சும்மா விடக் கூடாது என்று கனகசபேசன் சொன்னபோது அவருக்கு உதடு துடித்தது.

கனகசபேசன் சிதம்பரத்து மிராசுதார். மோட்டார் பைத்தியம். தெற்கு வீதியில் ஒரு வண்டி திரும்பினால், இலை முன்னால் உட்கார்ந்தபடியே இன்ன கம்பெனி, இன்ன வருஷத்து மாடல் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டும் யுத்தத்துக்கு முந்தியவை.

யுத்தம் முடிந்தும் புது வண்டி லேசில் கிடைக்கவில்லை. அந்த மார்கழியில் கிளாரண்டன் என்ற சீமைக் கம்பெனி கடலூருக்கு ஒரே ஒரு காரை அனுப்பியிருந்தது. ராஜாக்கள் ஏறுகிற வண்டி. ஜில்லாவுக்கே அது ஒன்றுதான். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வெறும் வண்டியாக அனுப்பினால் போதாது என்று கம்பெனிக்குத் தோன்றிவிட்டது. சிதம்பரத்துப் பக்கத்துப் பணக்காரர்களைப் பிடிக்க வேண்டுமே! பானெட் நுனியில் வழக்கமாகக் கழுகு உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, வெள்ளி முலாம் பூசிய நடராஜரைத் திருகி வைத்திருந்தார்கள். ஒரு சாண் உயரம். 'ஆடலரசன் முன்னே, தாங்கள் பின்னே' என்று நோட்டீஸ் வேறு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வண்டி நின்ற ஷெட்டுக்குக் கார் வைத்திருப்பவர்களும், கார் ஆசை மட்டும் வைத்திருப்பவர்களும் வந்து குவிந்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கனகசபேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தே பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து நடராஜரைப் பார்த்தார். அப்போது பிடித்துக்கொண்டது கோபம்.

"வண்டிய எஞ்சினுக்காக வாங்கணும். பொம்மைக்காக வாங்கறவன் கொலு வச்சிக்கட்டும்" என்றார். ரோட்டுப் புழுதியெல்லாம் சாமி மேல் படியும், காக்கை வந்து உட்காரும், வண்டி கள்ளுக்கடை வாசலில் நிற்கும், உள்ளே இருக்கிறவன் செருப்புக் காலைச் சாமி முதுகுக்கு நேராக நீட்டிக்கொண்டு போவான் என்று அடுக்கினார்.

அந்த வண்டிக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தவர் வக்கீல் சபாபதி. கனகசபேசன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. தன் வீட்டு மனுஷனே இப்படிச் செய்துவிட்டானே என்பதுதான் கனகசபேசனுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ வீதியில் கூட்டம் போட்டார். வண்டியை விற்கும் ஏஜெண்டு லூர்துசாமி வேற்று மதத்துக்காரர், வேண்டுமென்றே நம் சாமியைக் கேலி செய்கிறார் என்று பேசினார். பெட்டியில் வந்ததைப் பிரித்து வைத்ததைத் தவிர லூர்துசாமி எதுவும் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கூட்டத்துக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பேச்சு முடிவதற்குள் சபாபதி எழுந்துவிட்டார். "மாமா சொன்னதுக்கு அப்புறம் அந்த வண்டியில என் கால் படாது" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். கனகசபேசன் மேடையிலேயே மைத்துனரைக் கட்டிக்கொண்டார்.

சங்கதி மதராஸிலிருந்த கம்பெனி ஆபீஸுக்கு எட்டியது. மிராசுதார் காலில் விழுந்தாவது விஷயத்தை முடி, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று லூர்துசாமிக்குத் தந்தி வந்தது. நாலு பிள்ளைகள் பெற்றவர், பயந்துபோனார். நடராஜரைக் கழற்றி, தரையில் வைக்க மனம் வராமல், புது வேஷ்டி ஒன்றில் சுற்றி மேஜை மேல் வைத்தார். மறுநாள் மத்தியானம் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கனகசபேசன் கதவைச் சாத்தினார். லூர்துசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிக்கணும் ஐயா. சாமியக் கழட்டித்தான் வச்சேன், ஆனா..."

"அத யாரு கழட்டச் சொன்னது?" என்றார் கனகசபேசன், மெதுவான குரலில்.

லூர்துசாமிக்குப் புரியவில்லை.

"சபாபதிதான் வேணாம்னுட்டான் இல்ல? என் பேரைப் போட்டுக்குங்க. நடராஜரத் திரும்ப மாட்டிக் குடுங்க. அவரு இல்லாட்டி அதுவும் பத்தோட பதினொண்ணு. ஜில்லாவுல வேற எவன்கிட்டயும் இருக்காதுன்னுதான கேக்கறேன்."

"ஜனங்க என்னா சொல்லுவாங்க ஐயா?"

"கடையில கெடந்து சாமி சீரழியப் பொறுக்காம மீட்டுக்கிட்டு வந்தேன்னு சொல்லிக்கறேன். அத என்கிட்ட விடுங்க."

லூர்துசாமி மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வண்டி இல்லீங்க ஐயா. இன்னைக்குக் காலையில வக்கீல் ஐயா வந்தாரு. சாமிய மாட்டினாத்தான் எடுப்பேன்னாரு. மாட்டி, ஓட்டிக்கிட்டே போய்ட்டாரு. அவரும் மீட்டுக்கிட்டுப் போறதாத்தான் சொன்னாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை கீழ வீதியில் மறுபடியும் கண்டனக் கூட்டம். நடராஜருக்கு நேர்ந்த கதியைச் சொல்லிக்கொண்டு வந்த கனகசபேசன் நடுவில் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். என்ன பக்தி என்று ஜனங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் அவர் பேசியதில் எது நிஜமோ, பொய்யோ, இந்த வாரம் அழுத அழுகை நிஜம்.