கடைசிப் பொத்தான்

“மகாராணி உக்காந்திருக்கிற அழகைப் பாரு சரசு,” என்றாள் எல்லம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

சரசுவும் எட்டிப் பார்த்தாள். ஆஸ்டின் டவுன் சங்கத்து ஹாலில் வரிசையாகக் கோரைப்பாய்கள். பாய்க்கு ஒரு குழந்தை, குழந்தைக்கு ஒரு சாமான். எல்லாம் அதே தெருப் பிள்ளைகள். நடுவில் தனலக்ஷ்மி, இரண்டு கையையும் தொடைக்கடியில் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அவளுக்குத்தான் பரீட்சை.

கோலார் தங்கவயல் பெண். இங்கே அக்கா வீட்டில் தங்கி, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராவதற்குக் காலேஜில் படிக்கிறாள். எழுத்துப் பரீட்சையெல்லாம் பாஸ். பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்திக் காட்டும் பரீட்சையில்தான் போன தடவை கோட்டை விட்டாள்.

“எதுக்குக்கா ஃபெயில் போட்டாங்க?” சரசு கேட்டாள்.

“ஒரு பிள்ளை செருப்பு வாரை மாட்டத் தெரியாம முழிச்சுதாம். இவ மாட்டி விட்டுட்டா.”

“அதுக்கா?”

“அதுக்கேதான். பிள்ளைங்க தானே செய்யணுமாம், டீச்சர் கை வைக்கக் கூடாதாம். இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும், ஊருக்கு வந்து மாமன் மகனைக் கட்டிக்கோன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு.”

“கை வைக்காம சும்மா உக்கார காலேஜா? எங்க வீட்டுக்காரரு படிக்காமலே பாஸ் பண்ணுவாரே.”

எல்லம்மா சிரித்தாள். ஆனால் கண் முழுக்கத் தன் மகள் பச்சையம்மாவின் பாய் மேலேயே இருந்தது.

பச்சையம்மாவுக்கு நாலு வயசு. அவள் முன்னால் ஒரு மரச்சட்டம். அதில் இரண்டு துண்டுத் துணி. ஒன்றில் வரிசையாகப் பெரிய பெரிய பொத்தான், இன்னொன்றில் அதற்கான துளை. மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் அவளுக்குப் பொத்தான் போடுவது எல்லம்மாதான். தலை சீவுவதும் அவள்தான், ஊட்டுவதும் அவள்தான். வேலை ஜல்தியாக முடிய வேண்டாமா?

பச்சையம்மா முதல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டினாள்.

“தப்புடி. மேல போடு, மேல...”

சரசு எல்லம்மாவின் வாயைப் பொத்தினாள். “கத்தாதேக்கா. தனத்துக்கு மார்க் போயிடும். அந்தம்மா பாக்குறாங்க.”

அந்தம்மா, பரீட்சை நடத்த வந்த மிஸஸ் ரெமிஜியஸ். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் எப்படியோ தன்னைப் பொருத்திக்கொண்டு, மடியில் இருந்த கைப்பையின் பிடியைப் பற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மற்றப் பொத்தான்களும் ஒரு துளை தள்ளித் தள்ளியே ஏறின. கடைசிப் பொத்தானுக்குத் துளையே இல்லை.

பச்சையம்மா அதைத் திருகினாள். இழுத்தாள். உதடு பிதுங்கியது. சட்டத்தைத் தூக்கி தனலக்ஷ்மியிடம் நீட்டினாள்.

“அக்கா, நீ போடு.”

தனலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். “ஐயோ பாவம், ஒண்ணு மட்டும் வெளியிலயே நிக்குதே,” என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

பச்சையம்மாவின் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

“கல்லு மனசு,” என்றாள் எல்லம்மா. “பெத்திருந்தா தெரியும். விடு சரசு, நான் உள்ள போறேன்.”

சரசு அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். “நீ போய் ஒரு பொத்தான் போடுவே. அந்தப் பொண்ணு காலம் பூரா மாமன் மகனுக்குச் சோறு பொங்கும். பேசாம நில்லு.”

எல்லம்மா நின்றாள். அவள் பிடித்த பிடியில் ஜன்னல் கம்பிதான் பாவம்.

பச்சையம்மா மூக்கைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். சட்டத்தை மேலும் கீழும் பார்த்தாள். மேலே ஒரு துளை காலியாக இருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்ற ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மேலேயிருந்து திரும்பப் போட்டாள்.

கடைசிப் பொத்தான் உள்ளே போனது.

அவள் யாரிடமும் காட்டவில்லை. திரும்பவும் கழற்றிவிட்டு முதலிலிருந்து போடத் தொடங்கினாள்.

பிள்ளைகள் கலைந்ததும் மிஸஸ் ரெமிஜியஸ் எழுந்து வந்தார். “எங்கே, கையைக் காட்டு.”

தனலக்ஷ்மி தயங்கித் தயங்கிக் கையை வெளியே எடுத்தாள். விரல்கள் மரத்துப்போய் மடங்கவில்லை. உள்ளங்கை இரண்டிலும் பாயின் கோரை வரிவரியாகப் பதிந்து சிவந்திருந்தது.

“இப்படி வெச்சுக்கலைன்னா கை ரெண்டும் தானா போயிடும் மேடம்,” என்றாள்.

அந்தம்மா சிரிக்கவில்லை. தன் கைப்பையைத் தூக்கிக் காட்டினார். அதன் பிடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

“காலையில நல்லாத்தான் இருந்தது,” என்றார். “பாஸ்.”

ஜன்னலில் எல்லம்மாவைக் காணோம். மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் காலை சரசு குடத்தோடு எல்லம்மா வீட்டு வாசலுக்கு வந்தாள். தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே உலை பொங்கி வழிந்து அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நடு வீட்டில் பச்சையம்மா, தன் கவுனின் பொத்தான்களோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். எதிரில் எல்லம்மா, மணைப் பலகையில், அசையாமல்.

“என்னக்கா இது? தண்ணி நிக்கப் போவுது, உலை வழியுது. நீ மகாராணி மாதிரி உக்காந்துக்கினு இருக்கே?”

“என் குடத்தையும் நீயே புடிச்சு வை சரசு,” மகள் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் எல்லம்மா. “எனக்கு ரெண்டு கையும் கீழே மாட்டிக்கினு இருக்கு.”