சந்தனம் அரைப்பவள்

“கவுண்டர்ல நீலச் சட்டை போட்டு நிக்கான் பாருங்க, அவன்தான் எம் புருஷன்” என்றாள் இசக்கிசெல்வி. துடைப்பத்தோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

சூப்பர்வைசர் சுஜா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாயக்கண்ணாடி கொடுக்கும் கவுண்டரில் மூன்று ஆண்கள். நடுவில் நின்றவனுக்கு நீலச் சட்டை.

“பிச்சைக்கனிதானா? சரியாப் பார்த்தியா?”

“பதினோரு வருசம் அடி வாங்கியிருக்கேன் சேச்சி. முதுகைப் பார்த்தாலே சொல்லிருவேன்.”

சுஜாவுக்கு முழுக் கதையும் தெரியும். வள்ளியூரில் ஒரு நாள், இவள் நெற்றியைக் கிழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போன உத்தமன் அவன். அன்றே மகளை இழுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினாள். ‘எங்க போனாலும் தேடி வந்து ரெண்டு பேரையும் கிணத்துல போடுவேன்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தானாம். சொன்னால் செய்கிற ஆள்தான்.

இந்தப் பழைய அரண்மனையில் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்ததே சுஜாதான். இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. மகள் ஷாலு ஆறாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷன் முடிந்து ஐந்து மணிக்கு அரண்மனையின் பின்வாசலுக்கு வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்து ஸ்ரீவராகத்தில் இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்கு நடந்தே போவார்கள்.

“விளம்பரத்துல என் மூஞ்சியைப் பார்த்திருப்பான். நான் அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேன்.”

சொன்னாள்தான். யார் கேட்டார்கள்? மூன்று மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள் அந்தக் கண்ணாடிகளோடு வந்தார்கள். மாட்டிக்கொண்டு பார்த்தால் வெறும் மண்டபத்தில் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆட்கள் நடமாடுவார்கள். நடிக்க ஆள் பிடிக்கச் சோம்பல்பட்டு, அரண்மனை வேலைக்காரர்களையே நிறுத்திப் படம் பிடித்தார்கள். முண்டும் நேரியதும் உடுத்திச் சந்தனம் அரைக்கும் பெண்ணாக இசக்கிசெல்வி உட்கார்ந்தாள். அந்தப் படத்தையே விளம்பரத்திலும் போட்டுவிட்டார்கள். அந்த உடையே பிறகு பெண்களுக்கு யூனிஃபார்மும் ஆகிவிட்டது.

“பின்வாசல் வழியா ஓடிரட்டா?”

“அதுக்கும் கவுண்டரைத் தாண்டணும்” என்ற சுஜா, மண்டபத்து மூலையில் கிடந்த சந்தனக்கல்லைப் பார்த்தாள். “பேடிக்கண்டா செல்வி. பயப்படாம அந்தக் கல்லுக்கிட்டப் போய் உட்காரு. படத்துல செஞ்ச மாதிரியே அரை. கண்ணாடி போட்டவனுக்கு அந்த இடத்துல இருக்கிறது ஆளு இல்ல, படம்.”

படியேறும் சத்தம் கேட்டது. வேறு வழியில்லை. இசக்கிசெல்வி ஓடிப்போய் உட்கார்ந்து கட்டையை எடுத்தாள்.

மூவரும் உள்ளே வந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் யாருடைய கண்ணும் தெரியவில்லை.

“லே, ஈட்டியோட ஒருத்தன் நிக்கான் பாரு” என்று ஒரு தடியன் வெறும் தூணைக் காட்டினான்.

“இந்தா, ஓலைக்குடை பிடிச்சிட்டு ஒருத்தன் போறான்” என்று இன்னொருவன் வழிவிட்டு ஒதுங்கினான்.

பிச்சைக்கனி அவர்கள் காட்டிய பக்கம் திரும்பாமல் நேராகச் சந்தனக்கல்லுக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். புகையிலை வாடை முகத்தில் அடித்தது. இசக்கிசெல்வி கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல் அரைத்துக்கொண்டே இருந்தாள்.

“மக்கா, இது அசல் உம் பொண்டாட்டியேதாம்லே” என்றான் தடியன்.

“விளம்பரத்தப் பாத்துட்டு நானும் அப்படி நினைச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கிட்ட வந்து பாத்தா வெறும் கம்ப்யூட்டர் பொம்மை.”

தடியன் அவள் தோளைத் தொடக் கை நீட்டினான். பட்டால் தீர்ந்தது கதை.

பிச்சைக்கனி சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தான். “படத்துல என்னத்தலே தொடப் போற? வா, போவோம்.”

எழுந்து போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூவரும் முன்வாசலைத் தாண்டிப் பழவங்காடிப் பக்கம் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் சுஜா அவளைத் தொட்டாள். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது.

“போயிட்டான், செல்வி.”

இசக்கிசெல்வி அப்படியே கல்லில் சாய்ந்து அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். “இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான் சேச்சி. பொம்மைன்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான். இன்னைக்கே ஊரைவிட்டுப் போயிரணும்னு நினைச்சேன். இனி எதுக்குப் போகணும்?”

“அதான சொன்னேன். முகத்தைக் கழுவிட்டு வா, ஷாலு வந்திருப்பா.”

கவுண்டரில் வேலை பார்க்கும் சுஜித் கண்ணாடித் தட்டோடு உள்ளே வந்தான்.

“சேச்சி, ஏழாம் நம்பர் கண்ணாடி காலையில இருந்தே கேடு. ரிப்பேருக்கு அனுப்பணும்.”

“கேடானதை யாருக்கும் கொடுக்கலையே?”

“அந்த நீலச் சட்டைக்காரருக்குத்தான் கொடுத்தேன், வேற செட்டு இல்ல. இதுல படம் ஒண்ணும் வராது, வெறும் கண்ணாடிதான்னு சொன்னேன். பரவாயில்ல, அதுவே போதும்னு மாட்டிக்கிட்டாரு. திருப்பித் தரும்போது, பெருக்குற பொம்பளைங்க எத்தனை மணிக்கு எந்த வாசல் வழியா வெளியே போவாங்கன்னு மட்டும் கேட்டாரு. அஞ்சு மணிக்கு, பின்வாசல்னு சொன்னேன். இப்ப அங்கதான் நம்ம ஷாலுகிட்டப் பேசிக்கிட்டு நிக்காரு.”