மிளகாய் எண்ணெய்

மில்பிடாஸ் ஊரின் நடைபாதைச் சீனக் கடையில் நூடுல்ஸை ஒரு வாய் வைத்ததுமே கிட்டுசாமி ‘ஸ்ஸ்’ என்றார்.

“என்னா காரம் நாகமணி! காதெல்லாம் அடைக்குது!”

நாகமணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கணவருக்கு மூளையில் கட்டி வந்து ஐந்து மாதமாக நாக்கில் உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. ருசி திரும்பினால்தான் கட்டி சுருங்குகிறது என்று அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம்தான், “ருசி வந்துடுச்சு” என்றார் கிட்டுசாமி. அந்தச் சந்தோஷத்தில்தான் நியூஜெர்சியிலிருந்து இந்தப் பயணமே.

“இருங்க, தண்ணி வாங்கிட்டு வரேன்” என்று கடைக்காரியிடம் ஓடினாள்.

கடைக்காரி தண்ணீரோடு ஒரு சிவப்புக் கிண்ணத்தையும் நீட்டினாள்.

“சாரி மேடம், உங்க நூடுல்ஸ்ல மிளகாய் எண்ணெய் ஊத்த மறந்துட்டேன். இது இல்லேன்னா துளிகூடக் காரம் இருக்காது.”

நாகமணி திரும்பிப் பார்த்தாள். மனைவி பார்ப்பது தெரிந்ததும் கிட்டுசாமி அவசரமாகக் கைக்குட்டையால் வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எண்ணெய் வேண்டாம்” என்று கடைக்காரியிடம் சொல்லிவிட்டுத் தண்ணீரோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“மெதுவாச் சாப்பிடுங்க” என்றாள். “ரொம்பக் காரம்னு அந்தப் பொண்ணும் சொன்னா.”