நீ முதல்ல படு, அக்கா

"தள்ளுங்க, தள்ளுங்க! வழியில நிக்காதீங்க! என் தம்பி வயித்துவலியில துடிக்கிறான்!"

பத்து வருஷமாக பஸ் கண்டக்டராக இருக்கும் அக்காவின் குரலுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவே ஒதுங்கி வழி விட்டது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவள் தோளில் பாதி பாரத்தைப் போட்டுக்கொண்டு, ஆறடிக்கு மேல் வளர்ந்த தம்பி முனகியபடியே வந்தான். வாலிபால் ஆடுகிறவன். தெருவில் அவனுக்குப் பெயரே நெட்டையன்தான்.

"சாயங்காலம் ஃபைனல் மேட்ச் இருக்கேக்கா..."

"மேட்சாவது மண்ணாங்கட்டியாவது! அம்மாவும் இப்படித்தான் காலையில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா. சாயங்காலம் ஆள் இல்ல. வாயை மூடிக்கிட்டு வா!"

அம்மா போன நாளிலிருந்து அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்ததில்லை. நெருப்பாய்க் காய்ச்சல் அடித்தாலும் போர்த்திக்கொண்டு படுப்பாளே தவிர, டாக்டர் என்று யாராவது வாயைத் திறந்தால் எரிந்து விழுவாள். இன்று தம்பிக்காக வந்துவிட்டாள்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா நிதானமாக மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் டாக்டர்! எங்க அம்மாவுக்கு உடம்பைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற திசுவே பலவீனமாம். வயித்துல போற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பி வெடிச்சிருச்சுன்னாங்க. அது குடும்பத்துல தொடருமாமே? இவன் அச்சு அசல் அம்மாதான். அதே உயரம், அதே நீள விரல். பாருங்களேன்!"

"பார்த்துடலாம்மா. தம்பி, படுங்க."

தம்பி கட்டிலைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். சட்டென்று பின்வாங்கினான்.

"எனக்குப் பயமா இருக்கு. ஷாக் அடிக்குமா?"

"அடப்பாவி! பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கியே, வெட்கமா இல்ல?"

"இல்ல. நீ முதல்ல படு. உனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நான் படுக்கிறேன். இல்லேன்னா மேட்சுக்குக் கிளம்புறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டான். அக்கா பதறிப்போய்த் தானே கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"டாக்டர், இந்தக் கோழைப்பயலுக்கு நல்லாக் காட்டுங்க. எனக்கு முழுசாவே பார்த்துடுங்க. அப்பவாவது தைரியம் வருதான்னு பார்ப்போம்."

டாக்டரம்மா களிம்பைத் தடவி, கருவியை அவள் வயிற்றில் மெல்ல நகர்த்தினார்.

"கையெல்லாம் ஏம்மா இப்படி நீலம் நீலமா இருக்கு?"

"அது பஸ் கம்பி. லேசா இடிச்சாலே எனக்குக் கன்னிப்போயிடும், சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அதை விடுங்க. டேய், பார்த்தியா? வலிக்கல, ஷாக் அடிக்கல. கூசத்தான் செய்யுது!"

அவள் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கருவியை ஒரே இடத்தில் நிறுத்தி, திரையையே உற்றுப் பார்த்தார். தம்பி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"போதும் டாக்டர். அவனைப் பாருங்க!" என்று அக்கா எழப்போனாள்.

"எழுந்திருக்காதீங்கம்மா!" என்ற டாக்டரம்மா தம்பி பக்கம் திரும்பினார். குரலில் படபடப்பு. "நீங்க சந்தேகப்பட்டது சரிதான். ரத்தக்குழாய் உப்பியிருக்கு. ஆனா வெடிக்கல! சரியான நேரத்துல வந்துட்டீங்க. பெரிய டாக்டருக்கு உடனே சொல்லிடுறேன். காப்பாத்திடலாம்!"

"என்ன டாக்டர் உளர்றீங்க? அவனை இன்னும் தொட்டே பார்க்கலையே!"

"அவருக்கு எதுக்கும்மா? வாலிபால் டீம் செக்கப்புக்கு வந்தப்பவே பார்த்து, ஒண்ணுமில்லேன்னு அனுப்பிட்டோம். அன்னிக்குத்தான் உங்க கை கன்னிப்போறதைப் பத்திச் சொன்னார். அதுவும் அந்தத் திசு பலவீனத்தோட அறிகுறிதாம்மா."

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். அவன் அழுகையும் சிரிப்புமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு வயித்துவலியே இல்லக்கா. வேற என்ன சொன்னாலும் நீ ஆஸ்பத்திரிப் பக்கம் வந்திருப்பியா?"